பிடி வழுக்குது

பாறைமுடித் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்த ஒரே கத்தி பாண் ரொட்டியை வெட்டாது, நசுக்கும். தேயிலைக் கொழுந்துக்குப் போகும் பெண்கள் விடிந்தும் விடியாததுமாகப் பிள்ளைகளைக் கொண்டு வந்து சண்முகவடிவிடம் இறக்கிவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிவிடுவார்கள். கைக்குழந்தைகள் தூளியில், நடக்கிறதுகள் தரையில். வெயில் ஏறியதும் எல்லாருக்கும் பாணும் பாலும் கொடுக்க வேண்டும். வடிவு அந்தக் கத்தியோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பாதிப் பாண் தூளாகிக் கீழே கிடக்கும். அதைப் பொறுக்கித் தின்ற பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கத்தியால் லாபம்.

வடிவுக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். கலியாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் காடு வெட்டப் போன இடத்தில் மரம் மேலே சாய்ந்து இறந்துபோனான். பிள்ளை இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில், அண்ணன் வீரய்யாவின் காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பாய் அவளுக்கு. பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்துவிட்டு ராத்திரி வெறும் மடியோடு வந்து படுப்பாள். அது எப்படியிருக்கும் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஒருநாள் பால்மாவு மூட்டையை இறக்க லொறி டிரைவர் அழகுமுத்து வந்தான். கல்யாணமாகாத ஆள். தொழிற்சாலைக்குப் பின்னால் லொறி நிறுத்தும் கொட்டகையை ஒட்டிய அறையில் தனியாகப் பொங்கித் தின்பவன். பேச்சு அவனுக்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் வரும். மூட்டையை வைத்துவிட்டு, வடிவு பாணோடு படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு லொறிக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் நுவரெலியாக் கடைத்தெருவில் வாங்கிய புதுக் கத்தியோடு வந்து நின்றான்.

"காம்பராவுக்குன்னு வாங்கியாந்தேன், ஆயாம்மா" என்று நீட்டினான்.

வடிவு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஐயய்யோ, கத்தியைக் கையில குடுக்கக் கூடாதுங்க. குடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் சண்டை வரும். அப்படி வைங்க, நான் எடுத்துக்கிறேன்."

அவன் பயந்துபோய்க் கத்தியைப் பெஞ்சின் மேல் வைத்தான். அவள் எடுத்துப் பார்த்தாள். அருமையான கத்தி. மரப்பிடி, உள்ளங்கைக்குள் பொருந்தி உட்கார்ந்தது. விரலை வைத்தாலே கூர் தெரிந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்ல வாயெடுத்தவள், அவன் நிற்பதைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றான். புருஷன் போன பிறகு அவளுக்கென்று எதையாவது வாங்கிக்கொண்டு வந்த முதல் ஆள். இதை வாங்கிக்கொண்டால் வந்த வேலை முடிந்தது, போய்விடுவான். பிறகு மாதத்துக்கு ஒருமுறை பால்மாவு மூட்டை மட்டும்தான்.

"பிடி வழுக்குது" என்று சொல்லிக் கத்தியைத் திரும்பப் பெஞ்சில் வைத்தாள்.

இவ்வளவு பச்சையான பொய்யை அவள் அதுவரை சொன்னதில்லை. ஆனால் அவன் நம்பினான். கத்தியை எடுத்துப் பிடியைத் தடவிப் பார்த்து, "ஆமா, கொஞ்சம் வழவழன்னுதான் இருக்கு. வேற பாக்குறேன்" என்றான். அந்த 'வேற பாக்குறேன்' அன்றைக்குப் பூராவும் அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

அப்படித்தான் அது தொடங்கியது.

அட்டனுக்கு உரமூட்டை ஏற்றப் போனபோது அங்கே இரும்புக்கடையில் ஒன்று வாங்கி வந்தான். பெஞ்சில் வைத்தான். அவள் எடுத்துப் பார்த்து, "பொம்பளை கைக்குப் பிடி பெருசுங்க" என்றாள். அதற்குப் பிறகு லொறிக்குச் சாமான் வாங்கக் கண்டிக்குப் போனவன், அங்கிருந்து உள்ளே ஒரு சிங்களக் கிராமத்தில் கொல்லுப்பட்டறை இருக்கிறதென்று கேள்விப்பட்டு, வரப்பில் நடந்து போய், எருமைக்கொம்புப் பிடி போட்ட கத்தி ஒன்றை அடித்து வாங்கி வந்தான். ஓரத்தில் பித்தளைப் பூ பதித்திருந்தது. வடிவுக்கு அதைக் கீழே வைக்கவே மனசில்லை.

"கொல்லரு, பெண்சாதிக்கான்னு கேட்டாரு" என்றான் அழகுமுத்து, சிரித்துக்கொண்டு.

தூளியை ஆட்டுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"பிள்ளைக்காம்பராவுக்குன்னு சொன்னேன்."

மனுஷன் நல்லவன்தான். ஆனால் நல்லவனை வைத்துக்கொண்டு சில சமயம் என்ன செய்வது என்று தெரியாது. வடிவு கத்தியைப் பெஞ்சில் வைத்து, "கொம்புப் பிடி மழைக்கு நாறும்" என்றாள். கோபத்தில் சொன்னதால் அந்தப் பொய் முதல் இரண்டையும்விட நன்றாகவே வந்தது.

வருஷங்கள் ஓடின. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனால் கோட்டைப் பக்கம் சுற்றி, கப்பல்காரர்கள் விற்கிற மடக்குக் கத்தி ஒன்று வாங்கி வந்தான். ஜெர்மன் நாட்டுச் சரக்காம். பிள்ளைகள் விரலை நசுக்கிக்கொள்ளும் என்றாள். தோட்டத்து வெள்ளைக்காரப் பெரியதுரை வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறியபோது பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். மேசை, நாற்காலி, பியானோ என்று ஆளாளுக்கு எடுத்தார்கள். அழகுமுத்து எலும்புப் பிடி போட்ட இங்கிலீஷ் கத்தி ஒன்றை எடுத்தான். மாட்டிறைச்சி அறுத்த கத்தி வேண்டாம் என்றாள். ஒவ்வொரு தடவையும் அவன் அதே மாதிரி தலையை ஆட்டி, "வேற பாக்குறேன்" என்று சொல்லிக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போவான். ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. உட்காருங்க என்று சொல்ல அவளுக்கும் தைரியம் வந்ததில்லை.

தோட்டத்தில் எல்லாரும் அவனை 'டிரைவரண்ணே' என்றார்கள். வடிவு மட்டும் அந்த 'அண்ணே'யை ஒருநாளும் ஒட்டவில்லை. அவனோ அவளை 'ஆயாம்மா'விலிருந்து ஒரு எழுத்துக்கூட இறக்கவில்லை.

இதற்குள் அழகுமுத்துவுக்குக் கத்திப் பைத்தியம் என்று தோட்டம் முழுக்கப் பெயராகிவிட்டது. சரசுவதி பூசையன்று தன் அறை வாசலில் எல்லாக் கத்திகளையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவான். சனம் வேடிக்கை பார்க்க வரும். வடிவும் போய்ப் பார்த்தாள். வழுக்கிய பிடி, பெரிய பிடி, நாறுகிற கொம்பு, மடக்கு, மாட்டிறைச்சி என்று அவள் சொன்ன பொய்யெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தது. அவன் பார்க்க வந்தவர்களுக்கு இது இன்ன ஊர்க் கத்தி, இன்ன இரும்பு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளிடம் வராத பேச்சு கத்தியைப் பற்றி என்றால் மளமளவென்று வந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்கு அந்தப் பயம் பிடித்தது. இந்த மனுஷன் எனக்காக வருகிறானா, கத்திக்காக அலைகிறானா? தனக்காக வந்தவனைத் தன் வாயாலேயே கத்திக்காரனாக்கிவிட்டோமோ என்று நினைத்தாள். நினைத்து நினைத்து அழுதாள். கேட்டுவிடலாம்தான். அவன் "கத்திக்குத்தான்" என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு அந்த வாசலில் யார் வருவதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது?

வீரய்யாவும் சும்மா இருக்கவில்லை. உடப்புசல்லாவையிலிருந்து பெண்சாதியை இழந்த கங்காணி ஒருத்தர் கேட்டார் என்று வந்து நின்றான். வயசு கூட என்றாள் வடிவு. அடுத்தவரைக் கொண்டு வந்தான். குடிப்பாராமே என்றாள்.

"கத்திக்கும் கொறை சொல்ற, மாப்பிள்ளைக்கும் கொறை சொல்ற. ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினான் அண்ணன். அவளுக்கு வேண்டியது லொறி ஓட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த கத்தியும் வந்தது. யாழ்ப்பாணம் போன யாரிடமோ சொல்லி விட்டு வரவழைத்தது. அதில் சொல்ல ஒரு குறையும் அவளுக்கு அகப்படவில்லை. சொல்கிற குறையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. யோசித்து யோசித்து, இனி அவன் ஆயுசுக்கும் தேடிக்கொண்டே வரட்டும் என்று ஒன்றைச் சொன்னாள்.

"எங்கம்மா ஊர்ல இருந்து வரையில ஒரு கத்தி கொண்டாந்துச்சாம். திருப்பாச்சேத்திப் பட்டறையில அடிச்சது. கைப்பிடியும் அலகும் ஒரே இரும்பு. அந்த மாதிரி இருந்தாத்தான் எனக்குச் சரிவரும். ஆனா அதெல்லாம் இங்க எங்கயும் கெடைக்காதுங்க."

அம்மா கொண்டுவந்தது இரண்டு சேலையும் ஒரு சொம்பும்தான். திருப்பாச்சேத்தி என்ற பெயரை லயத்தில் யாரோ அரிவாளைப் பற்றிப் பேசும்போது அவள் கேட்டிருந்தாள். இந்தியாவை அவள் கண்ணால் கண்டதில்லை. கிடைக்காது என்று சொன்னால் தேடுவான், தேடினால் வருவான். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

அழகுமுத்து இந்தத் தடவை "வேற பாக்குறேன்" என்று சொல்லவில்லை. "திருப்பாச்சேத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

தைப்பொங்கல் கழிந்த வாரம், தோளில் ஒரு மரப்பெட்டியோடு வந்து அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினான். "எல்லாக் கத்தியும் இதுல இருக்கு. பத்திரமா வச்சிருங்க. லீவு வாங்கிட்டேன். ஊருக்குப் போறேன்."

"எந்த ஊருக்கு?"

"நீங்க சொன்னீங்கல்ல, அந்த ஊருக்கு."

தோட்டத்துச் சனமெல்லாம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கிற காலம். போனவன் திரும்பி வர விடுவார்களா என்று பாஸ் எழுதிக் கொடுக்கிறவர்களுக்கே நிச்சயமில்லை. போய்விட்டு அந்தக் கரையிலேயே நின்றுபோனவர்கள் கதை ஒவ்வொரு லயத்திலும் ஒன்று இருந்தது. 'வேணாம், போகாதீங்க, அதெல்லாம் பொய்' என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த நேரத்தில்தான் தூளியில் ஒரு பிள்ளை வீரிட்டது. எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியபோது அவன் வளைவில் இறங்கிக்கொண்டிருந்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடிக் கூப்பிட ஒரு ஆயாவுக்கு முடியாது. முடியும்தான். அவள் ஓடவில்லை.

நானுஓயாவில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டானாம். அதுவரைக்கும் சேதி வந்தது. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஏதோ ஒரு காகிதம் குறைகிறதென்று அக்கரையில் நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். லொறிக்குப் புது டிரைவர் வந்தான். பால்மாவு மூட்டையை எட்ட நின்றே உருட்டிவிட்டுப் போனான்.

மலையில் கத்தியைச் சும்மா வைக்க முடியாது, பனி தின்றுவிடும். வடிவு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காயெண்ணெய் தடவித் துடைப்பாள். துடைத்துத் திரும்பவும் துணியில் சுற்றி வைப்பாள். ஆனால் பாண் வெட்டுவது பழைய மொட்டைக் கத்தியில்தான். அவன் கையால் வாங்காத கத்தியை எடுத்துப் புழங்க அவளுக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் தொழிற்சாலை டீமேக்கர் தம்பிராசா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவரும் கத்தி சேர்ப்பவர். லண்டன் கடைக்கு எழுதிப் போட்டுத் தபாலில் வரவழைத்த பேனாக்கத்திகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பவர். அழகுமுத்துவின் கத்திகளை விலைக்குக் கேட்டுப் பலதடவை தோற்றவர்.

"தங்கச்சி, அந்த மனுசன் இனி வாறது சந்தேகம். பெட்டியை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றார்.

"விக்கிறதுக்கில்லைங்கய்யா. பாத்துட்டுக் குடுங்க."

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சில் பரப்பினார். கண்டிக் கத்தியைக் கையில் பிடித்தார். ஏலத்தில் எடுத்ததைப் பிடித்தார். புருவம் சுருங்கியது.

"நான் நினைச்சது பிழை. இது கத்தி சேர்க்கிறவன்ரை பெட்டி இல்லை. நாங்கள் எண்டால் ஏலத்திலையும் எடுப்பம், கப்பல்காரனிட்டையும் எடுப்பம், பட்டறையிலையும் போய் நிப்பம். ஆனால் வகைக்கு ஒண்டு எண்டு எடுப்பம். பெரிசு, சின்னன், வளைஞ்சது எல்லாம் இருக்கும். இதுகளைப் பாருங்கோ. உந்த அட்டன் கத்தியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே அளவுப் பிடி. அவரின்ரை கை உலக்கை மாதிரி. இதிலை ஒண்டையும் அவர் பிடிச்சு வெட்ட ஏலாது." அவர் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "ஆரோ ஒரு பொம்பிளையின்ரை கைக்கு அளவு பார்த்து வாங்கியிருக்கிறார்."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வடிவு கண்டிக் கத்தியை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். மடக்குக் கத்தியை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அவள் கைக்குள் பொருந்தி உட்கார்ந்தன. 'பிடி பெருசு' என்று ஒரே ஒரு தடவை, ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதை மனசில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஊரூராகக் கத்தியைக் கையில் பிடித்துப் பிடித்து அவள் விரலைத் தேடியிருக்கிறான். இத்தனை வருஷம் வேண்டியிருந்த பதில் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் கடலுக்கு அந்தப் பக்கம். அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கப் பிந்திப்போயிற்று.

அதற்குப் பிறகு லொறிச் சத்தம் கேட்டால் நெஞ்சு ஓடி வாசலில் நிற்கும். உடம்பு உள்ளேயே இருக்கும். வீரய்யா மாப்பிள்ளை பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

அடுத்த வருஷம் மழை விட்டிருந்த ஒரு காலை. பிள்ளைகளுக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் அழகுமுத்து.

கறுத்து மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. தொப்பி இல்லை. இரண்டு கையும் வெறுங்கை.

"கத்தி கெடைச்சது ஆயாம்மா" என்றான், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் போல. "திருப்பாச்சேத்திக்கே போயி, நீங்க சொன்ன மாதிரியே ஒரே இரும்புல அடிச்சு வாங்கினேன். காகிதம் சரியாகித் திரும்பி வரையில, கப்பலடியில மூட்டையைச் சோதிச்சவங்க எடுத்துக்கிட்டாங்க. எவ்வளவோ கெஞ்சினேன், தரல."

அவள் கையிலிருந்த மொட்டைக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இங்க வேலையும் போயிருச்சு. மஸ்கெலியாவுல ஒரு முதலாளி லொறி ஓட்டக் கூப்பிட்டிருக்காரு. பெட்டியை எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு." குனிந்து பெஞ்சுக்கு அடியில் கையை விட்டான்.

இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் பிறகு திறந்து பிரயோசனமில்லை என்று வடிவுக்குத் தெரிந்தது. தூளியில் பிள்ளை அழுதது. அழட்டும் என்று விட்டாள்.

"அதுல எனக்கு ஒரு கத்தி இருக்கு. எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

"எது?"

"மொதமொத கொண்டாந்தீங்களே, நுவரெலியாக் கத்தி."

அவன் பெட்டியைத் திறந்து துணிகளைப் பிரித்தான். துரு இல்லாமல் எண்ணெய் பூசிக் கிடந்த கத்திகளைப் பார்த்துவிட்டு, நுவரெலியாக் கத்தியைக் கையில் எடுத்தான். "இது பிடி வழுக்கும்னீங்களே."

"வழுக்கல."

"எப்ப இருந்து?"

"அன்னிக்கே வழுக்கல."

அவன் மெதுவாக எழுந்தான். "அப்ப கண்டிக் கத்தி?"

"நல்ல கத்திங்க. அதைக் கீழ வைக்கவே எனக்கு மனசில்ல."

"தொரை பங்களாக் கத்தி?"

"அதுவும்தான்."

"அந்தத் திருப்பாச்சேத்தி?"

"எங்கம்மாகிட்ட கத்தியே கெடையாதுங்க."

அழகுமுத்துவுக்குக் கோபம் வந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது. "அப்பறம் எதுக்கு என்னை அலைய விட்டீங்க? கடலைத் தாண்டிப் போயி அங்க நாதியில்லாம கெடந்தேன். வருவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல. அன்னிக்கே அந்த ஒரு கத்தியை வாங்கியிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்?"

"வாங்கியிருந்தா அப்பறம் வந்திருப்பீங்களா?" என்று வடிவும் கத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "வேணாம் வேணாம்னு சொன்னதாலதான வந்தீங்க. ஒவ்வொரு தடவையும் வந்தீங்கல்ல. ஒரு தடவையாச்சும் வாயைத் தொறந்து ஒனக்காகத்தான் வர்றேன்னு சொன்னீங்களா? கொல்லரு கேட்டதுக்குக்கூடப் பிள்ளைக்காம்பராவுக்குன்னுதான சொன்னீங்க."

பிள்ளைகள் பாணை வாயில் வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தன. தூளிப் பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டது. வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

கையிலிருந்த கத்தியின் பிடியை ஒருதடவை தடவிப் பார்த்தான். பிறகு பழக்கத்தில் அதைப் பெஞ்சின் மேல் வைத்தான்.

அவள் எடுக்கவில்லை. கையை நீட்டினாள். "கையில குடுங்க."

"சண்டை வரும்னு நீங்கதான் சொன்னீங்க."

"வரட்டும். மஸ்கெலியாவுல ஒருத்தரும் பாறைமுடியில ஒருத்தருமா இருந்துக்கிட்டுச் சண்டை போட முடியாதுங்க. ஒரே காம்பராவுல இருந்தாத்தான் போட முடியும்."

அவன் கத்தியைத் திரும்ப எடுத்தான். அலகைத் தன் பக்கமும் பிடியை அவள் பக்கமுமாகத் திருப்பி நீட்டினான். "இந்தா வடிவு" என்றான். அவள் பிடியோடு அவன் விரலையும் சேர்த்துத்தான் பிடித்தாள். விட இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பிறகு அவள் பாணை எடுத்து வைத்து வெட்டினாள். ஒரு பொடிகூடக் கீழே உதிரவில்லை. தரையைப் பார்த்துக் காத்திருந்த பிள்ளைகள் ஏமாந்துபோயின.

"நல்ல கத்தி" என்றாள்.

அழகுமுத்து பெஞ்சில் உட்கார்ந்தான்.